எண்களுக்குப் பெயர் வெச்சேன், லேப்டாப் சத்தம் போயிடுச்சு: எச்டி ஆடியோ ரெஜிஸ்டர்களுக்குப் பெயர் வைக்கும் முறை என்ன?

காட்பாடி_சர்வீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். போர்டு வேலைதான் எனக்குச் சோறு போடுது. ரெண்டு வருஷமா ராத்திரி கடை சாத்தினதுக்கு அப்புறம் கோர்பூட் (பயாஸுக்குப் பதிலாப் போடற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்) கத்துக்கிட்டு வர்றேன். சி மொழி நானே படிச்சுக்கிட்டதுதான், காலேஜ் பக்கம் போனதில்லை. அதனால அடிப்படையில தப்பு இருந்தா தயங்காம சொல்லுங்க.

விஷயம் இதுதான். குடியாத்தத்துலேர்ந்து ஒருத்தர் பழைய லேப்டாப் ஒண்ணு கொண்டு வந்தார். அவர் பொண்ணு காலேஜ்ல படிக்குது, பார்வை கிடையாது. ஆர்கா திரை வாசிப்பான் போட்டுத்தான் படிக்கணும். "ஸ்கிரீன்ல கோடு விழுந்தாக்கூட பரவாயில்லைங்க, சத்தம் தெளிவா வந்தா போதும்"னு சொன்னார். போர்டுல பயாஸ் சிப்புக்குள்ள இருந்த டேட்டா கெட்டுப் போயிருந்துச்சு. நல்ல காப்பி எங்கயும் கிடைக்கல. அதே குடும்பத்து போர்டு ஒண்ணு கோர்பூட்ல ஏற்கனவே இருக்கு. அதை வெச்சு இந்த போர்டுக்கு ஏத்த மாதிரி நானே மாத்தி எழுதினேன். பூட் ஆச்சு, லினக்ஸ் வந்துச்சு, ஸ்பீக்கரும் பேசுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

ஆடியோ கண்ட்ரோலரை எழுப்புற ஃபைலை நான் எழுதினப்போ எல்லாமே வெறும் எண்தான். கண்ட்ரோலருக்குள்ள கட்டளையும் நிலையும் வைக்கிற சின்னச் சின்ன இடம்தான் ரெஜிஸ்டர். ஒவ்வொண்ணும் ஆரம்ப முகவரியிலேர்ந்து (பேஸ்) எத்தனை பைட் தள்ளி இருக்குன்னு (ஆஃப்செட்) எண்ணாவே எழுதியிருந்தேன்: பேஸ் கூட்டல் 8, பேஸ் கூட்டல் 12, பேஸ் கூட்டல் 14, அப்புறம் ஹெக்ஸ் 60, 64, 68. ஓடுச்சு. ஆனா மூணு மாசம் கழிச்சுத் திறந்து பார்த்தா நான் எழுதினதே எனக்குப் புரியல. இந்த 14 என்ன, இந்த 3 எதுக்கு, 1000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் இன்டெல் ஸ்பெக் பிடிஎஃப்பைத் திரும்பப் புரட்ட வேண்டியதாப் போச்சு. கோர்பூட்டுக்கு அனுப்புறதுன்னா இப்படியே அனுப்ப முடியாது. சரி, எல்லா எண்ணுக்கும் பெயர் வெச்சிடலாம்னு போன ஞாயித்துக்கிழமை உக்காந்தேன்.

தனியா ஒரு ஹெடர் ஃபைல் போட்டு எல்லாத்தையும் அதுல எழுதினேன். பெயர் எல்லாம் எனக்குப் புரியுற மாதிரி நானே வெச்சது: கோடெக் (டிஜிட்டல் ஆடியோவைச் சத்தமா மாத்தற சிப்) வந்திருக்கான்னு சொல்ற ரெஜிஸ்டருக்கு 'கோடெக்_ப்ரெசென்ட்', எழுப்புற அனுமதிக்கு 'வேக்_அனுமதி', இப்படி. அதோட ரீடு, ரைட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு 'செட்_பிட்ஸ்', 'கிளியர்_பிட்ஸ்'னு ரெண்டு ஃபங்ஷன் எழுதி எல்லா இடத்துலயும் அதையே கூப்பிட்டேன். கம்பைல் ஆச்சு, ஒரு வார்னிங் கூட இல்ல. சிப்புல கிளிப் மாட்டி எழுதினேன்.

சத்தம் இல்ல.

முதல்ல ஹார்டுவேர்னு நெனச்சேன். ஸ்பீக்கர் மாத்தினேன். ஆம்ப்ளிஃபயர் ஐசிக்கு 5 வோல்ட் வருதான்னு மீட்டர் வெச்சுப் பார்த்தேன், வருது. லினக்ஸ்ல கார்டு தெரியுது, கோடெக் பெயரும் தெரியுது. ஹெட்போன் குத்தினா கேக்குது, ஸ்பீக்கர்ல மட்டும் ஒண்ணுமே வரல. பழைய பில்டைத் திரும்ப எழுதினா ஸ்பீக்கர் பேசுது. அப்போ கோளாறு நான் பெயர் வெச்சதுலதான் இருக்கு.

கோர்பூட் லாக்ல ஒரே ஒரு வித்தியாசம். முன்ன கோடெக் பட்டியல் 5னு வரும். இப்போ 0. அடுத்த வரியே 'நோ கோடெக்'.

ரெண்டு கேள்வி கேக்கறேன். ஒண்ணு, பெயர் மாத்தினதுக்கு ஏன் நடத்தை மாறணும்? ரெண்டாவது, இதுதான் எனக்கு முக்கியம்: இந்த மாதிரி ரெஜிஸ்டர்களுக்கு அனுபவம் இருக்கிறவங்க எப்படிப் பெயர் வைக்கிறீங்க? அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வந்து வாங்கிக்கும். அதுக்குள்ள சரி பண்ணிடணும்.

---

சத்துவாச்சாரி_மாணவி:

அண்ணா, ரீசெட்டுக்கு அப்புறம் வேண்டிய 521 மைக்ரோ செகண்ட் காத்திருப்பை எங்கயாவது எடுத்துட்டீங்களா? எச்டி ஆடியோ லிங்க் ஓடுறது 24 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துல. ஒரு ஃப்ரேம் 48 கிலோஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது சுமார் 20.83 மைக்ரோ செகண்ட். ரீசெட்லேர்ந்து வெளிய வந்ததும் கோடெக் எல்லாம் தன்னை அறிவிக்க 25 ஃப்ரேம் கொடுக்கணும்னு ஸ்பெக் சொல்லுது. 25 ஃப்ரேமுக்கு 520.8 வரும், அதைத்தான் 521னு எழுதறாங்க. அதுக்கு முன்னாடி படிச்சா பட்டியல் 0ன்னு வரலாம்.

காத்திருப்பு சரியா இருந்தா, ரீசெட் முடிஞ்சதுலேர்ந்து கோடெக் பட்டியல் படிக்கிற வரைக்கும் இருக்கிற வரிகளைப் போடுங்க, முன்ன எப்படி, இப்போ எப்படின்னு.

---

காட்பாடி_சர்வீஸ்:

521க்கு விளக்கம் இப்பத்தான் கிடைச்சது, ரொம்ப நன்றிம்மா. நான் ரெண்டு பில்ட்லயும் 1000 வெச்சிருக்கேன், அதுல மாத்தம் இல்ல.

அந்த இடத்துல மாறினது ஒரே வரிதான். காத்திருப்பு முடிஞ்சதும் கோடெக் சிஸ்டத்தை எழுப்பக் கூடாதுன்னு வேக் அனுமதியை அணைக்கிறேன், அதுக்கு அடுத்து பட்டியலைப் படிக்கிறேன்.

முன்ன: ரைட்16(பேஸ் + 12, 0);

இப்போ: கிளியர்_பிட்ஸ்(பேஸ் + வேக்_அனுமதி, 7);

வேக்_அனுமதியோட மதிப்பும் 12தான். மூணு தடவை சரி பார்த்துட்டேன்.

---

ராணிப்பேட்டை_ட்ரம்:

சார், கோளாறு அந்த வரியிலதான் இருக்கு. உங்க கிளியர்_பிட்ஸ் 32 பிட்டாப் படிச்சு, மாத்தி, 32 பிட்டாத் திரும்ப எழுதுது, சரியா? நீங்க சொல்லல, ஆனா அப்படித்தான் இருக்கணும்.

ஆஃப்செட் 12ல இருக்கிற ரெஜிஸ்டருக்கு ஸ்பெக்ல பெயர் வேக்கென். அது 16 பிட்தான். அதுக்கு ஒட்டினாப்ல 14ல இருக்கிறது ஸ்டேட்ஸ்டிஎஸ், நீங்க கோடெக்_ப்ரெசென்ட்னு சொல்றது. அதுவும் 16 பிட். 12லேர்ந்து 32 பிட் படிச்சா கீழ்ப் பாதியில வேக்கென், மேல் பாதியில ஸ்டேட்ஸ்டிஎஸ், ரெண்டும் சேர்ந்து வந்துடும். உங்க போர்டுல பட்டியல் 5, அதாவது 0ங்கிற முகவரியில ஒரு கோடெக், 2ல இன்னொண்ணு. 0ல இருக்கிறது ஸ்பீக்கரோடது, 2ல இருக்கிறது அநேகமா எச்டிஎம்ஐயோடது. அப்போ நீங்க படிக்கிற மதிப்பு ஹெக்ஸ்ல 50000. கீழ்ப் பாதியில 3 பிட்டை அணைச்சுட்டு அந்த 5ஐ அப்படியே திரும்ப எழுதறீங்க.

ஸ்டேட்ஸ்டிஎஸ்ல இருக்கிற பிட் எல்லாம் '1 எழுதினா அழியும்' ரகம். கண்ட்ரோலர் 1 வெச்சு "இங்க ஒரு கோடெக் இருக்கு"ன்னு சொல்லும். நாம அதே இடத்துல 1 எழுதினா, "பார்த்துட்டேன், அழிச்சுடு"ன்னு அர்த்தம். நீங்க தொடாத பாதியில இருந்த 5ஐத் திரும்ப எழுதினதும் ரெண்டு பிட்டும் அழிஞ்சுது. அடுத்த வரியில படிச்சா 0.

அப்புறம் ஏன் லினக்ஸ்ல கார்டு தெரியுதுன்னா, கெர்னல் வந்ததும் கண்ட்ரோலரை அதுவே ஒரு தடவை ரீசெட் பண்ணி கோடெக்கைப் புதுசாத் தேடிக்கும். ஆனா உங்க ஃபர்ம்வேர் 'நோ கோடெக்'னு திரும்பிப் போனதால பின் கன்ஃபிகரேஷனை எழுதவே இல்ல. எந்தப் பின்ல ஸ்பீக்கர் இருக்கு, எதுல ஜாக் இருக்குன்னு அந்த 32 பிட்லதான் இருக்கு. மேல ரெண்டு பிட் 10ன்னு இருந்தா உள்ளேயே பொருத்தின சாதனம், 00ன்னா ஜாக், 01ன்னா அந்தப் பின்ல எதுவுமே இல்லன்னு அர்த்தம். அது எழுதலைன்னா சிப் ஃபேக்டரியில எப்படி வந்துச்சோ அந்த மதிப்புதான் கெர்னலுக்குத் தெரியும். ஹெட்போன் கேட்டு ஸ்பீக்கர் கேக்காததுக்கு அதான் காரணம். ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல, பழசையே மாட்டிடுங்க.

நான் ராணிப்பேட்டை சிப்காட்ல தோல் பதப்படுத்துற ட்ரம்முக்கு மோட்டார் கண்ட்ரோலர் ஃபர்ம்வேர் எழுதறேன். ட்ரம்முக்குள்ள தோலும் தண்ணியும் கெமிக்கலும் சேர்ந்து டன் கணக்குல சுத்தும். ஒரு தடவை இதே மாதிரி, பக்கத்து ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் சேர்த்து 32 பிட்ல எழுதி, ஓவர்கரண்ட் எச்சரிக்கையைப் படிக்கிறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டேன். மோட்டார் சூடாகி வாடை வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன்: ஹெடர்ல ஒவ்வொரு ரெஜிஸ்டர் பெயருக்குப் பக்கத்துலயும் அது எத்தனை பிட், படிக்க மட்டுமா, எழுதலாமா, 1 எழுதினா அழியுமா, இந்த நாலையும் எழுதாம அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

இனி உங்க ரெண்டாவது கேள்வி. ஸ்பெக்ல இருக்கிற சுருக்கப் பெயரையே வைங்க. கோடெக்_ப்ரெசென்ட் படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து வருஷம் கழிச்சு அந்த ஃபைலைத் திறக்கிறவர் ஸ்பெக்ல அதைத் தேடினா கிடைக்காது. ஸ்டேட்ஸ்டிஎஸ்னு தேடினா நேரா அந்தப் பக்கத்துல போய் நிக்கும். 2004ல வந்த ஸ்பெக், இன்னிக்கு வரைக்கும் அதே பெயர்தான் ஓடுது. முன்னாடி எச்டிஏ_ சேர்த்துக்கங்க. வெறும் ஜிசிடிஎல்னு (ஆஃப்செட் 8ல இருக்கிற பொதுக் கண்ட்ரோல் ரெஜிஸ்டர்) வெச்சா வேற எந்த சாதனத்தோட ஜிசிடிஎல் கூடவும் மோதும். ரெஜிஸ்டர் ஆஃப்செட்டுக்குக் கடைசியில _ரெக் போடுங்க. பிட்டுக்கு அந்த ரெஜிஸ்டர் பெயரோட பிட் பெயரைச் சேர்த்து எச்டிஏ_ஜிசிடிஎல்_சிஆர்எஸ்டி மாதிரி வைங்க, சிஆர்எஸ்டிங்கிறது ரீசெட் பிட். இப்படி வெச்சா ஒரு ரெஜிஸ்டரோட பிட்டை இன்னொரு ரெஜிஸ்டர்ல தப்பா எழுதும்போது கண்ணுக்கே உறுத்தும்.

கோடெக்குக்குக் கட்டளையைக் கிளப்ப ஹெக்ஸ் 68ல நீங்க 3 எழுதறீங்களே, அதுக்கு மட்டும் பெயரோட ஒரு கமென்ட்டும் போட்டுடுங்க. பிட் 0 பிசி, பிட் 1 வேலிட். பிசியில 1 எழுதினா கட்டளை கிளம்பும். வேலிட்ல 1 எழுதினா பழைய பதில் வந்த அடையாளம் அழியும். 'பிசி, வேலிட் ரெண்டையும் செட் பண்றேன்'னு வரி படிச்சா வேலிட்டை நாமே உண்டாக்குற மாதிரி தோணும். நடக்கிறது தலைகீழ். பெயர் வெச்சதுக்கு அப்புறம்தான் இந்தக் குழப்பமே வருது, வெறும் 3 இருந்தப்போ யாருக்கும் எதுவும் தோணியிருக்காது.

---

ஆம்பூர்_தம்பி:

அண்ணே, இவ்ளோ கஷ்டம் எதுக்கு? மொத்த ரெஜிஸ்டரையும் ஒரு ஸ்ட்ரக்ட்டா எழுதிட்டா போச்சு. 16 பிட் எல்லாம் 16 பிட் மெம்பர், 32 எல்லாம் 32. பிட் பெயருக்கு பிட்ஃபீல்டு. அளவு தப்பவே தப்பாது, பெயரும் அழகா வரும். நான் மைக்ரோகண்ட்ரோலர்ல அப்படித்தான் எழுதறேன்.

---

ராணிப்பேட்டை_ட்ரம்:

தம்பி, ஸ்ட்ரக்ட் வரைக்கும் சரிதான், நானும் எழுதியிருக்கேன். பிட்ஃபீல்டுதான் எனக்குப் பயம். பிட்ஃபீல்டை எந்தப் பக்கத்துலேர்ந்து அடுக்கணும்னு சி மொழி கம்பைலர் கையில விட்டுடுச்சு. அதை விட மோசம், ஒரு பிட்டை மாத்தினா கம்பைலர் பின்னாடி படிச்சு மாத்தி எழுதும், 1 எழுதினா அழியும் பிட் பக்கத்துல இருந்தா இவருக்கு நடந்த கதைதான் திரும்ப நடக்கும். இந்த தடவை கண்ணுக்கே தெரியாம.

இந்தக் கண்ட்ரோலர்லயே ஸ்ட்ரக்ட்டுக்கு அடங்காத ஒரு இடமும் இருக்கு. ஸ்ட்ரீம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கண்ட்ரோல் ரெஜிஸ்டர், முதல் ஸ்ட்ரீமுக்கு ஹெக்ஸ் 80ல ஆரம்பிக்கும். அது 24 பிட். 80, 81, 82 மூணு பைட்டோட முடிஞ்சு, 83லயே ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். பஃபர் முடிஞ்சதைச் சொல்ற பிட், ஃபிஃபோ கோளாறு பிட், ரெண்டும் அதுல இருக்கு, ரெண்டும் 1 எழுதினா அழியும். 24 பிட்டுக்கு சியில சாதாரண டைப் கிடையாது. 32 பிட் மெம்பர்னு எழுதினா ஸ்டேட்டஸும் அதுக்குள்ள மாட்டிக்கும்.

காட்பாடி சார், நீங்க ஸ்ட்ரீம் பக்கம் போகலைன்னு தெரியும், ஆனா ஹெடர்ல சேர்க்கிறதா இருந்தா 'முதல் அவுட்புட் ஸ்ட்ரீம்'னு ஒரு நிலையான எண்ணுக்குப் பெயர் வெச்சுடாதீங்க. ஒவ்வொரு ஸ்ட்ரீமும் ஹெக்ஸ் 20 அளவு. இன்புட் எல்லாம் முதல்ல, அதுக்கு அப்புறம்தான் அவுட்புட். இன்புட் எத்தனைன்னு ஜிகேப் ரெஜிஸ்டர்ல (கண்ட்ரோலரோட திறனைச் சொல்றது) 8லேர்ந்து 11 வரைக்கும் பிட்ல இருக்கு. சிப்புக்கு சிப் மாறும். அதைப் படிச்சுக் கணக்குப் போடற மேக்ரோதான் சரி.

---

வாலாஜா_மூத்தவர்:

மேலே சொன்னவற்றை நானும் ஆமோதிக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

நண்பரே, நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு காரியம் செய்துவிட்டீர்கள். எண்ணுக்குப் பெயர் வைத்தது ஒன்று, படித்து எழுதும் முறையை மாற்றியது இன்னொன்று. முன்னது நடத்தையைத் தொடவே கூடாத வேலை. அதைத் தனி கமிட்டாக (தனியே பதிவு செய்யும் மாற்றமாக) வைத்தால், சரியாகச் செய்தீர்களா என்று சிப்பில் எழுதாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெயரெல்லாம் ப்ரீப்ராசஸரோடு கரைந்துபோகும். கம்பைலர் பார்ப்பது எண்ணைத்தான். ஆகவே பெயர் மாற்றும் முன்பும் பின்பும் வெளிவரும் ரோம் ஃபைல் பைட்டுக்கு பைட் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கோர்பூட்டில் பில்ட்_டைம்லெஸ்=1 என்று கொடுத்து மேக் ஓட்டுங்கள். பில்ட் செய்த நேரம் போன்ற மாறும் விவரங்கள் ஃபைலுக்குள் போகாது. இரண்டு ரோமுக்கும் எஸ்எச்ஏ256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்றது) எடுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் எங்கோ ஒரு எண் தவறிவிட்டது என்று பொருள். கோர்பூட்டில் இத்தகைய பேட்ச் அனுப்புகிறவர்கள் கமிட் செய்தியிலேயே இந்தச் சோதனையைச் செய்ததாக எழுதுவது வழக்கம். பார்ப்பவர்களும் அதை எதிர்பார்ப்பார்கள்.

உங்கள் பழைய எண் ஃபைலிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். ரைட்16 என்றிருப்பது ரைட்16 ஆகவே இருக்கட்டும்.

---

காட்பாடி_சர்வீஸ்:

எல்லாருக்கும் பதில் சொல்ல நாலு நாள் ஆயிடுச்சு, மன்னிக்கணும். கடையில வேலை, அதோட ரெண்டு நாள் மத்தியானத்துல கரண்ட் இல்ல.

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது அப்படியே சரி. கிளியர்_பிட்ஸ் 32 பிட்தான். அந்த வரிக்கு முன்னாடி ஒரு ப்ரிண்ட் போட்டுப் பார்த்தேன், 50000னு வந்துச்சு. எழுதினதுக்கு அப்புறம் 0. கண்ணால பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.

வாலாஜா ஐயா சொன்னபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். பழைய ஃபைல், ஸ்பெக் பெயர்கள், ரீடு ரைட் எதையும் தொடல. டைம்லெஸ் பில்ட் ரெண்டு எடுத்து ஹேஷ் பார்த்தா ஒத்துப் போகல. ஹெடரை ஒவ்வொரு வரியா ஸ்பெக்கோட வெச்சுப் பார்த்தேன். ஹெக்ஸ் 60, 64 ரெண்டும் சரியா ஹெக்ஸ்ல எழுதியிருக்கேன். 68க்கு மட்டும் ஹெக்ஸ் அடையாளம் விட்டுப் போய் சாதா 68 ஆயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை எழுதின ஹெடர்லேர்ந்து காப்பி எடுத்த வரி அது, அப்பவே அந்தத் தப்பு இருந்திருக்கு.

சாதா 68ன்னா ஹெக்ஸ்ல 44. ஸ்பெக்ல பார்த்தேன், அது கோர்ப் பஃபரோட (கட்டளைகளை வரிசையா வைக்கிற மெமரி) மேல் முகவரி ரெஜிஸ்டர். நான் அங்க 3 எழுதிட்டு, வேலிட் பிட் வரும்னு அங்கயே காத்துக்கிட்டு இருந்திருப்பேன். இது இத்தனை நாள் ஏன் தெரியலைன்னா, 'நோ கோடெக்'னு அதுக்கு முன்னாடியே வெளிய வந்துடுது, அந்த வரிக்குப் போகவே இல்ல. வேக்கென் வரியை மட்டும் திருத்தியிருந்தா, கோடெக் கிடைச்சும் ஒரு கட்டளைகூட ஒழுங்கா போயிருக்காது. திரும்பவும் ஸ்பீக்கரைத்தான் கழட்டியிருப்பேன். அந்த ஒரு அடையாளத்தைச் சேர்த்ததும் ரெண்டு ஹேஷும் ஒண்ணாச்சு. 64 எழுத்தையும் விரல் வெச்சு ஒண்ணொண்ணாப் பார்த்தேன்.

ரெண்டாவது கமிட்ல அந்தக் காத்திருப்பை 521 ஆக்கி, பெயரும் வெச்சு, 25 ஃப்ரேம் கணக்கைப் பக்கத்துலயே எழுதிட்டேன், மாணவி தங்கச்சி சொன்ன மாதிரியே. செட்_பிட்ஸ், கிளியர்_பிட்ஸ் ரெண்டையும் எடுத்துட்டேன். ஜிசிடிஎல் 32 பிட், அதுக்கு மட்டும் தனியா ஒண்ணு வெச்சிருக்கேன். வேக்கென், ஸ்டேட்ஸ்டிஎஸ் ரெண்டுக்கும் ஹெடர்லயே '16 பிட்'னு இருக்கு, ஸ்டேட்ஸ்டிஎஸ் பக்கத்துல '1 எழுதினா அழியும்'னும் இருக்கு. ஸ்ட்ரீம் ரெஜிஸ்டர் எதையும் சேர்க்கல. நான் பயன்படுத்தாத, சோதிச்சுப் பார்க்காத பெயரை ஹெடர்ல வைக்க மனசு வரல.

சிப்புல எழுதினேன். லாக்ல 5. பின் எல்லாத்துக்கும் நாலு நாலு கட்டளை, ஒண்ணுகூட டைம்அவுட் ஆகல. பழைய ஸ்பீக்கரையே மாட்டினேன், நல்லாவே பேசுது.

நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு அப்பாவோட வந்து வாங்கிட்டுப் போச்சு. கடையிலயே ஆர்காவை ஓட்டிப் பார்த்துச்சு. நான் சாதாரண வேகத்துல வெச்சிருந்தேன். அது ரெண்டு மூணு கீ தட்டி வேகத்தைக் கூட்டிக்கிட்டே போச்சு, கடைசியில எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடல. "இது போதும் அண்ணா, காலையில படிக்கிறப்போ இந்த வேகம்தான் சரியா இருக்கும்"னு சொல்லிட்டு, இடது பக்க ஸ்பீக்கர் கொஞ்சம் கம்மியா கேக்குதுன்னு அதுவே கண்டுபிடிச்சு சொல்லுச்சு. காதை வெச்சுப் பார்த்தா உண்மைதான், கிரில்ல தூசி அடைச்சிருந்துச்சு. பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன்.

ரெண்டு கமிட்டையும் இந்த ஞாயித்துக்கிழமை கோர்பூட்காரங்க பேட்ச்சைப் பார்த்துச் சரி சொல்ற கெரிட் தளத்துல ஏத்தப் போறேன். முதல் கமிட் செய்தியில ஹேஷ் சோதனையை எழுதியிருக்கேன். ராணிப்பேட்டை அண்ணே, நேரம் இருந்தா ஹெடர்ல பிசி, வேலிட் வரிக்கு நான் எழுதின கமென்ட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க.